மூன்றாம் தடைக்கும் நான்காம் தடைக்கும் இடையில்

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குதிரை. முதல் சுற்று எனக்கு. தாண்டும்போது தடைகளின் ஒரு கம்பும் விழாமல், ஒரு தடையிலும் குதிரை நின்றுவிடாமல் முடித்தால் மிச்ச இரண்டு சுற்றும் எனக்கே. இல்லாவிட்டால் குதிரை மற்றவளுக்கு. எங்களைப் பழக்கிய மிஸ் இதைச் சிங்களத்தில் ஒருதரமும் ஆங்கிலத்தில் ஒருதரமும் சொன்னார். இரண்டிலும் நன்றாகவே விளங்கியது.

மற்றவள் கொழும்பிலேயே கிராண்ட்பாஸ் பிள்ளை, முஸ்லிம், என் வயதுதான், என்னைவிட நல்ல உயரம். நான் அதே கொழும்பில் கடற்கரைப் பக்கம், வெள்ளவத்தை.

குதிரையில் தடை தாண்டும் இந்தப் போட்டிக்கு யாரும் எங்கும் போகத் தேவையில்லை. தடைகளின் வரைபடம் ஒன்று பல நாடுகளுக்கும் போகும். எல்லா இடத்திலும் அதே உயரம், அதே இடைவெளி. அவரவர் தங்கள் மைதானத்தில் தங்கள் குதிரையோடு தாண்ட, பெறுபேறுகள் எல்லாம் ஒரே பட்டியலில் சேரும். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் சில நாட்டுக்காரரும் பட்டாள அதிகாரிகளுமே பெரும்பாலும் ஆடிய விளையாட்டு இது. இப்போது நான் மூன்றாம் மாடியில் சோற்றுக் கோப்பையோடு இருந்து வளைகுடாவில் நடக்கிற போட்டியை ஃபோனில் பார்க்கிறேன். அது முடிய மெக்சிகோவில் ஒன்று தொடங்கிவிடும். எகிப்துக்காரர் தாண்டுகிறார், பிரேசில்காரர் தாண்டுகிறார். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு வரியாக வரவேண்டும் என்று ஆசை. விசாவுக்கு வரிசையில் நிற்காமல் உலகப் போட்டிக்குப் போக வேறு வழி எனக்குத் தெரியாது.

ஓடுவதற்கு முன் தடைகளுக்கு இடையே நடந்து அளக்க விடுவார்கள். ஒரு யார், அதாவது மூன்றடி, நீளத்துக்கு ஒரு தப்படி. நான்கு தப்படி சேர்ந்தால் குதிரையின் ஒரு பாய்ச்சல். தாண்டி இறங்க இரண்டு தப்படியும், மறுபடி எழும்ப இரண்டு தப்படியும் கழித்துவிட வேண்டும். இதை நான் வீடியோ பார்த்துப் படித்தேன். பழகியது எங்கள் கடற்கரை ரயில் பாதையில். பின்னேரத்தில் பாதி வெள்ளவத்தையும் அங்கேதான் நடக்கும். தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கிற ஒரு சிலிப்பர் கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஒரு யார் என்று கண்ணாலேயே தீர்மானித்து, மூன்று மாதம் கட்டை கட்டையாக நடந்தேன். கண்ணை மூடிக்கொண்டும் அதே அளவில் கால் வைக்க வந்துவிட்டது.

அன்று மூன்றாம் தடையிலிருந்து நான்காவதுக்கு இருபத்தெட்டுத் தப்படி வந்தது. நான்கைக் கழித்தால் இருபத்துநான்கு. ஆகவே ஆறு பாய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பின்னால் வந்தவள் நின்றாள். “எனக்கு அஞ்சுதான் வந்திச்சி. நீ வேற ரோட்டால போனியா?”

“ஆறு. நான் ரெண்டு தரம் நடந்தனான்,” என்றேன்.

இரண்டு தரமும் ஒரே பிழையைத்தான் செய்திருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு தரம் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. குதிரையை என்னிடமிருந்து எடுக்கப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

குதிரை பார்க்கிற அண்ணன் மலையகத்துக்காரர், நுவரெலியா ரேஸ் குதிரைகளோடு வளர்ந்தவர். நான் ஏறும்போது சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டே, “தங்கச்சி, இவன் ரேஸ்ல ஓடுனவன். ரொம்ப இழுத்துப் புடிச்சா கோவிச்சுக்குவான்,” என்றார். தலையை ஆட்டினேன். தலைக்குள் ஆறு என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் இரண்டு தடையும் சுலபம். மூன்றாவதைத் தாண்டி இறங்கியதும் அவன் தன் பாட்டில் நீளமாகப் பாய்ந்தான். ஆறு பிடிக்க வேண்டுமே என்று நான் கடிவாளத்தை இழுத்தேன். அவன் காதைப் பின்னால் மடித்தான். இன்னும் இழுத்தேன். ஆறாவது பாய்ச்சலுக்கு அங்கே இடமே இருக்கவில்லை. நெஞ்சு கம்பில் முட்டும் தூரத்தில் அவன் நின்றான். நான் அவன் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினேன். விழவில்லை. தடையில் நின்றதற்கு நான்கு பிழைப்புள்ளி. அவ்வளவுதான், மிச்ச இரண்டு சுற்றுக்கும் குதிரை அவளுக்குப் போய்விட்டது.

மறுபடி சுற்றி வந்தபோது கையைத் தளர்த்தினேன். அவனே தூரத்தைப் பார்த்துக்கொண்டு தாண்டினான். மிச்சத் தடைகளில் ஒரு கம்பும் விழவில்லை.

பிறகு மிஸ் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கச் சொன்னார். ஐந்தாம் தப்படியிலேயே நான் அவளுக்கு நன்றாகப் பின்னால் நின்றேன். ரயில் பாதையில் கட்டைக்குக் கட்டை ஒரு யார் இல்லை, அதைவிடக் குறைவு. எங்கே பழகினாய் என்று கேட்டாள். மறைத்து என்ன, சொன்னேன். அவள் மணலில் குந்தியிருந்து சிரித்தாள்.

“அப்ப அடுத்த தரம் ட்ரெயின்ல வா.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மிஸ் சிரிக்கவில்லை. அளவு நாடா ஒன்றைத் தந்து, கால் சரிவரும்வரை தினமும் இருபது யார் நடக்கச் சொன்னார்.

பட்டியல் வந்தது. நான் கீழேதான் இருந்தேன், எனக்கு மேலே ஒரு மொரோக்கோக்காரி. என் வரியைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன், யாருக்கும் அனுப்பவில்லை.

இரண்டாம் சுற்றன்று அவள் ஏறினாள். அதற்கு முன் தடைகளை நடந்து பார்க்க என்னையும் கூப்பிட்டாள். ஒவ்வோர் இடைவெளிக்கும் என் கணக்கைக் கேட்டுவிட்டு, தன் கணக்கையும் சொன்னாள். ஓரிடத்தில் தவிர எல்லாம் ஒத்துவந்தது. அந்த ஓரிடத்தை நாடா பிடித்துப் பார்த்தோம். பிழை என்னுடையது. அவள் ஓடும்போது வேலிக்கு வெளியே நின்று குதிரையின் பாய்ச்சல்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு கம்பும் விழவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம் கழித்து.