கணவர் வைத்த வரிப் பாக்கியிலிருந்து கர்த்தர் என்னை விடுவித்தார்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் என் கணவர் நல்லமிளகும் சுக்கும் வாங்கி விற்கிறார். நான் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. மகளின் நர்சிங் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. போன வருடம் ஃபீஸ் கட்டப் பணம் எடுக்க வங்கிக்குப் போனால், கணக்கை முடக்கியிருக்கிறார்கள் என்றார்கள். கடைக்கு ஜிஎஸ்டி பாக்கியாம். நானும் பங்குதாரராம்! நானா? அந்தக் கடையில் ஒரு சாயா குடித்ததுகூட இல்லை.

நான் சமையலறையில் நிற்கும்போது அவர் முன்னறையிலிருந்து, "ஏட்டி, போன்ல ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு" என்பார். கேஸ் சிலிண்டருக்காக்கும் என்று நினைத்து, மீன் கழுவிய கையோடு பார்த்துச் சொல்வேன். அந்த எண்ணை வைத்துக் கடைப் பதிவில் என் பெயரையும் சேர்த்திருக்கிறார். அப்படித்தான் பங்குதாரர் ஆகியிருக்கிறேன். கேட்டால், "குடும்பத்துக்காகத்தானே செஞ்சேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சபையில் சொன்னேன். "புருஷன்தானே சிஸ்டர், பொறுத்துப் போங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரிடமே சண்டை போட்டேன். "ஆண்டவரே, என் பிள்ளை படிப்பை நிறுத்தணுமா? அதிகாரி முன்னால எனக்குப் பேச்சு வராது. நீரே என் வாயைத் திறந்துவிடும்" என்று அழுதேன்.

என் பெயரை நீக்கச் சொல்லி வரி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். காக்கநாட்டில் உள்ள அவர்கள் ஆபீசுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் கணவர், "நீ ஒண்ணும் மிண்டாதே, எல்லாம் நான் பேசிக்கிறேன்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்து, சரக்கு யாரிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அத்தனை ஜெபித்தும் வாய் திறக்கவில்லை! ஆனால் வியாபாரப் பேச்சு என்றால் என் கணவர் அடுத்தவரைப் பேச விடமாட்டார். "இவளுக்கு என்ன சாரே அறியும்? எடுக்கிறது, விக்கிறது, சகலமும் நான்தான். பங்குல சேர்த்ததே இவளுக்குத் தெரியாது!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அதிகாரி அதை அப்படியே எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நான் என் வாயைத் திறக்கச் சொன்னேன். கர்த்தர் என் கணவர் வாயைத் திறந்தார்.

பாக்கி முழுவதும் அவர் பொறுப்பு என்று உத்தரவு வந்தது. என் கணக்கு விடுபட்டது. மகள் பரீட்சை எழுதிவிட்டாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

சகோதரிகளே, பொறுத்துப் போ என்று யார் சொன்னாலும் சொல்லட்டும். நீங்கள் கோபத்தோடேயே முழங்காலில் நில்லுங்கள். கர்த்தர் அதையும் கேட்கிறார். கணவரை மன்னித்துவிட்டாயா என்று சபையில் விசாரிக்கிறார்கள். அதற்கும் ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.