பாட்டின் கடைசி இரண்டு அடி

குளிர்பானத் தொழிற்சாலையில் அவளுடைய வேலையே உற்றுப் பார்ப்பதுதான். கழுவிய பாட்டில்கள் வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து வரும். தூசி, கீறல், விரிசல் என்று எது கண்ணில் பட்டாலும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் அதைச் செய்தாள். மயிரிழை விரிசல்கூட அவளிடம் தப்பாது என்று பெயர்.

கழுவும் பிரிவில் அவளுடைய நாத்தனார். பட்டப்பெயர் சைரன். தொழிற்சாலைச் சங்கு பழுதான அன்று, "நீ வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசும்மா, ஷிப்ட் தானா மாறிடும்" என்றார் மேற்பார்வையாளர். அவளுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அந்த வீட்டில் அண்ணன்தான் இல்லை. கப்பல் வேலைக்குப் போனவன் முதல் வருஷம் மூன்று கடிதம் போட்டான். பிறகு ஒரு வரி இல்லை. கம்பெனியில் கேட்டதற்கு, ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்ப ஏறவில்லை என்றார்கள். அண்ணியும் நாத்தனாரும் மிஞ்சினார்கள்.

அப்போதுதான் சைரன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்தாள். தானே எழுதித் தானே கிட்டார் வாசித்துப் பாடுகிற ஒருவர் தொழிற்சங்கக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அண்ணிக்கு அன்று காய்ச்சல். கூட்டத்தில் யாரோ பதிவு செய்தது அது. கடைசிப் பாட்டு, போனவனுக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. முடியப்போகிற இடத்தில் நாடா தீர்ந்து டக்கென்று நின்றது.

"ஐயோ, அப்புறம் என்னடி ஆச்சு அவளுக்கு?"

"நான் கேட்டேன் அண்ணி. இப்ப வாயில வரல. இருங்க, யோசிச்சுச் சொல்றேன்."

மறுநாள் சாயங்காலம் பாடிக் காட்டினாள்:

காலடி ஓசை கேட்குது பெண்ணே, வாசலில் விளக்கை ஏற்று;
களைத்து வருவான், கால்கள் கழுவத் தண்ணீர் எடுத்து ஊற்று.

அவர் அந்தப் பாட்டை எந்த இசைத்தட்டிலும் சேர்க்கவில்லை. மேடையில் மட்டும்தான் பாடுவார். ஆகவே அண்ணிக்கு அந்த முடிவு சைரன் குரலில்தான் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினாள்.

இயந்திரம் பழுதுபார்க்க வருகிற மெக்கானிக் ஒருநாள் அண்ணியிடம் கேட்டார். மனைவியை இழந்தவர். "எனக்கு வேற ஊருக்கு மாத்தலாயிடுச்சு. நீங்களும் வந்தா நல்லாருக்கும்." வீட்டுக்கு வந்து சைரனிடம் இதைச் சொன்னாள். சைரன் பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்த இரண்டு அடியை மட்டும் மெதுவாகப் பாடினாள். மெக்கானிக் தனியாகத்தான் ரயிலேறினார்.

போன வருஷம் சைரன் நுரையீரல் கெட்டு இறந்தாள். இந்த வருஷம், எண்பது தாண்டிய அந்தப் பாடகர் கடைசிச் சுற்றுப்பயணம் என்று ஊருக்கு வந்தார். வெறும் பாட்டுக்காக அவள் போகவில்லை. ஆயுளுக்கும் தன்னைத் தாங்கிய அந்த இரண்டு அடியை ஒருமுறை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

ஞாயிறு மதியம். பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர்.

"எனக்கு இது பதினாலாவது தடவைம்மா. நீங்க?"

"முதல் தடவை."

"இத்தனை வருஷம் எங்க போயிருந்தீங்க?"

"வீட்லதான் இருந்தேன்."

கேசட்டில் கேட்ட குரலுக்கு இத்தனை சின்ன உடம்பா என்று இருந்தது. "எழுந்து நின்னு பாடச் சொல்லாதீங்க. திரும்ப உட்கார வைக்க நாலு பேர் வேணும்" என்றார் பாடகர். அரங்கம் சிரித்தது. அந்தப் பாட்டைத் தொடங்கினார். நாடா தீர்கிற இடம் வந்தபோது அவள் உதடுகள் தாமாக அசைந்தன. அவரோ வேறு பாடினார்:

வரமாட்டான் இனி, போதும் பெண்ணே, கதவை வெளியே பூட்டு;
போகும் பாதை உனக்கும் உண்டு, காலில் செருப்பை மாட்டு.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவள் எழவில்லை.

"முடிவை இப்பதான் மாத்தினாரா?" என்று கண்டக்டரிடம் கேட்டாள்.

"இல்லம்மா. நான் கேக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதேதான்."

சைரனுடைய அடிகள் மெட்டில் அச்சாகப் பொருந்தியிருந்தன. சம்பளப் புத்தகத்தில் கையெழுத்து போடுவதைத் தவிர எதுவும் எழுதாதவள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும், பாட்டில் கழுவிக்கொண்டே, வார்த்தை வார்த்தையாகக் கோத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் சைரன் அவள் கையைப் பிடித்து, "அண்ணி, அந்தப் பாட்டு... நான்..." என்று மூச்சுக்குத் திணறினாள். பாடச் சொல்கிறாள் என்று நினைத்து, காதருகே குனிந்து அந்த இரண்டு அடியையும் பாடினாள் அண்ணி. சைரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பிடித்த பாட்டாயிற்றே என்று அண்ணி இன்னொரு முறையும் பாடினாள்.

மேடையில் அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. அவள் மடியில் கையைக் கோத்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனேடி."