ஐந்தாவது பாட்டுதான் என்றார் சேவியர் அண்ணன்

செய்தி ஒரே வரியாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பி தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். "சேவியர் அண்ணன் போயிட்டார். பெருங்களத்தூர்ல கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கும்போது ஹார்ட் அட்டாக்" என்று கார்த்திக் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தான். படியோரமாக ஒதுங்கி நின்று அதை மூன்று முறை படித்தேன்.

சேவியர் அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் பெரிய பிரஸ்களை இயக்கியவர். கணக்கு டீச்சரான நானும், வங்கியில் வேலை பார்க்கும் கார்த்திக்கும், அவரும் நண்பர்களானதற்கு கனத்த ராக் இசையான மெட்டல் வகை ஆல்பம் ஒன்றுதான் காரணம். ஏதோ பனிதேசத்து இசைக்குழுவினுடையது. எட்டுப் பாட்டு, எல்லாம் சவ ஊர்வலத்தின் வேகத்தில் நகரும். கேட்டு முடித்தால் அரைநாள் யாருடனும் பேசத் தோன்றாது. அப்படிப்பட்ட ஆல்பத்துக்கும் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஏழு ரசிகர்கள் இருந்தோம்.

அண்ணன் வந்து சேர்ந்த விதமே விசித்திரம். பழைய போன் ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் மெமரி கார்டில் பெயரில்லாமல் எட்டுப் பாட்டு கிடந்திருக்கிறது. குழுவின் பெயரோ மொழியோ தெரியாமல் இரண்டு வருடம் கேட்டிருக்கிறார். பிறகு ஒருநாள் அதில் ஒன்றை இணையத்தில் போட்டு, "இது யாரு பாட்டு, தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று எழுதினார். பதில் சொன்னவன் கார்த்திக்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முடிச்சூரில் கார்த்திக் வீட்டு மாடியில் கூடுவோம். அவரவருக்குப் பிடித்த பாட்டு எது, ஏன் என்று பேச வேண்டும். ஐந்து பேர் மூன்றாவது பாட்டையே சொன்னார்கள். பதின்மூன்று நிமிடப் பாட்டு. பாடகர் முடிவில் உடைந்து போவார். நான் கடைசிப் பாட்டு. சேவியர் அண்ணன் மட்டும் ஐந்தாவது என்றார். அதில் பாடும் குரலே கிடையாது. மெதுவாக ஒரு கிட்டார், கூட ஒரு வயலின், அவ்வளவுதான்.

"அது பாட்டே இல்லண்ணா. நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல மூச்சு வாங்க வெச்சது" என்றான் கார்த்திக்.

அண்ணன் அதைப் போடச் சொன்னார். ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"பாட்டுக்குக் கீழ ஒரு மோட்டாரு ஓடிகினு கீது. நாலாவது நிமிசத்துல நிக்குது பாரு. அது நின்னப்புறந்தான் கிட்டாரு அழுவுது."

எங்களில் ஒருவருக்கும் மோட்டார் கேட்கவில்லை. மறுபடி போட்டோம். அப்போதும் இல்லை. யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அண்ணன் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த இரண்டு மாதம் வரவில்லை.

கார்த்திக்கால் அதை விட முடியவில்லை. அந்தப் பாட்டைக் கணினியில் ஏற்றி, மேல் ஒலிகளையெல்லாம் வெட்டி, அடி ஒலியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தான். மோட்டார் இருந்தது. நான்காவது நிமிடத்தில் நின்றது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இருவரும் பெருங்களத்தூரில் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா நாற்காலி போட்டார். கார்த்திக் தலை குனிந்தபடி நின்றதால், மன்னிப்பை நான்தான் கேட்டேன். சற்று நீளமாகவே கேட்டேன். அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க குரலு எனக்குப் பாதிதான் வருது. எப்பவுமே அப்டித்தான்."

இத்தனை மாதமாக நான் பேசியதற்கெல்லாம் தலையாட்டியவர் அவர். பிறகு மெல்லச் சொன்னார். பிரஸ் அடிக்கிற சத்தத்தில் இருபது வருடத்துக்குமேல் நின்று, உயர்ந்த ஒலிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. முதலில் குருவி, அப்புறம் குக்கர் விசில், அப்புறம் பெண்கள் பேச்சு. மிச்சமிருந்தது அடித்தொண்டை ஒலிகள்தான். அந்த ஆல்பம் ஒன்றுதான் முழுசாகக் கேட்பதாக அவருக்குத் தோன்றியது. கம்பெனிக்குத் தெரிந்தால் மிஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து ஒருவரிடமும் சொல்லவில்லை, வீட்டில்கூட.

ஸ்டெல்லா அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"என் பேச்சு புடிக்காமத்தான் பதில் சொல்ல மாட்டேங்குறன்னு நெனச்சிகினு இருந்தேன். இத்தினி வருசமா" என்றார்.

அண்ணனுக்கு அதுவும் கேட்கவில்லை. என்ன என்பதுபோல் கார்த்திக்கைப் பார்த்தார். கார்த்திக் தன் கனத்த குரலில் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த வாரமே அக்கா அவரைப் பரிசோதனைக்கு இழுத்துப் போனார். அவர் பயந்தபடியே மிஷினிலிருந்து எடுத்து, சாமான் எடுத்துக்கொடுக்கும் ஸ்டோர்ஸில் போட்டார்கள். ஒரு மாதம் அண்ணன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் காதில் கருவி பொருத்திக்கொண்டு மறுபடி முடிச்சூர் மாடிக்கு வந்தார். ஐந்தாவது பாட்டைப் போட்டோம். கிட்டாருக்கு மேலே மெல்லிசாக ஒரு வயலின் போகும். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று. அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"மேல இவ்ளோ நடக்குதா? நீங்கள்லாம் இதையா கேட்டுகினு இருந்தீங்க?"

இப்போது எது பிடித்த பாட்டு என்றான் கார்த்திக்.

"அஞ்சாவதுதான். ஆனா எனுக்கு இப்ப ரெண்டு பாட்டு. மிஷினு மாட்னா ஒண்ணு, கழட்னா ஒண்ணு."

அந்த மோட்டார் என்ன என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஃபிரிட்ஜ் என்றேன் நான். தண்ணீர் பம்ப் என்றான் கார்த்திக். அண்ணன் மட்டும் உறுதியாக இருந்தார்: "கம்ப்ரசர். டேங்க்ல காத்து நெம்புனதும் நிக்குது." அந்த இசைக்குழுவுக்கே எழுதிக் கேட்டோம். பதில் இல்லை.

வீட்டில் எப்படிப் போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "நெறைய திட்டியிருக்கா மேடம். இப்பதான் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமை பிற்பகல் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபத்தை முடித்தார். பெட்டியை மூடும் முன் ஸ்டெல்லா அக்கா மண்டியிட்டு, அவர் முகத்தருகே குனிந்து பேசத் தொடங்கினார். அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அன்றாடம் வீட்டில் பேசுகிற அதே மெல்லிய குரல். குழி வெட்டியவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. பத்தடி தள்ளி நின்ற எங்களுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. எப்போதும் எதையாவது தெரிந்துகொள்ளத் துடிக்கும் கார்த்திக்கூட அன்று ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா சொல்லி முடிக்கட்டும் அண்ணா. அதன்பின் போய் வாருங்கள்.