ஆர்தர் அண்ணையின் வீடு

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பாப்டிஸ்ட் சபைக்குள் முதன்முதலாகக் கால் வைத்த தமிழர் என் அப்பா. அதைத் தேவ அழைப்பு என்று பிற்காலத்தில் பலரும் சொன்னார்கள். அப்பா சொன்ன கதையில் மழை மட்டும்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் வரவில்லை, கையில் குடை இல்லை, திறந்திருந்த ஒரே கதவு அதுதான். உள்ளே ஒதுங்கியவருக்கு அந்தச் சபையின் கெயார்டேக்கர் ஒரு துவாயும் ஒரு கோப்பைத் தேநீரும் கொண்டுவந்து கொடுத்தார். சாவிக்கொத்துக்கும் கூட்டுமாறுக்கும் கொதிகலனுக்கும் பொறுப்பான அந்த மனிதரின் பெயர் ஆர்தர். மழை விட்டது, அப்பா விடவில்லை. அடுத்த ஞாயிறும் போனார், அதற்கடுத்த ஞாயிறும் போனார்.

பாப்டிஸ்டுகள் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்துக் காரியத்தை முடித்துவிடுகிறவர்கள் அல்லர். வயது வந்து, வாய் திறந்து, தன் வாழ்க்கையைப் பற்றிச் சபை நடுவே உண்மை சொன்ன பிறகு, ஆளையே முழுதாகத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எடுப்பார்கள். பிரசங்க மேடையின் பலகைகளைக் கழற்றினால் அடியில் ஒரு தொட்டி இருக்கும். அப்பா அதில் முழுகி எழுந்த செய்தி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் சைவக் குடும்பத்தின் தலைவரான பெரியப்பா ஒரே வரியில் பதில் எழுதினாராம். "கீரிமலைத் தீர்த்தத்திலை முழுகினது காணாதெண்டோ லண்டனிலை போய் முழுகினனி?"

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவருவதும், எங்கள் முன் அறையில் படுக்கவைப்பதும், கவுன்சில் படிவம் நிரப்புவதும் அப்பாவின் வேலையாகின. ஞாயிறு பின்னேரங்களில் சபை மண்டபத்தில் தமிழ் ஆராதனை தொடங்கினார். வந்தவர்களில் பாதிப் பேர் வெளியே போகும்போதும் சைவர்களாகவே போனார்கள். அவர்களுக்குத் தமிழ்க் குரல் கேட்க வேண்டியிருந்தது, அம்மாவின் மீன் ரோல்ஸும் ஒரு காரணம். அப்பா அதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது சபைக் கட்டடத்தோடு ஒட்டியிருந்த கெயார்டேக்கர் வீட்டில். ஆர்தருக்குப் பிறகு அந்த வேலையும் வீடும் அப்பாவுக்கு வந்திருந்தன. மேல்மாடியின் பின்பக்க அறை என்னுடையது. என்னோடு படித்த தமிழ்ப் பிள்ளைகள் ஒரு கட்டிலில் மூன்று பேராகப் படுத்த காலத்தில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. யன்னல் மட்டும் திறக்காது. அப்பா இழுத்துப் பார்த்தார், சித்தப்பா தட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. இருந்தாலும் அந்த அறையை நினைத்து எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது.

ஆர்தர் இப்போது ஒரு கவுன்சில் பிளாட்டில் தனியாக இருந்தார். ஞாயிறு தவறாமல் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வாங்கில் உட்காருவார். தமிழர்களிடம் பேசும்போது அப்பா அவரை 'ஆர்தர் அண்ணை' என்பார். அவர் ஏன் வேலையை விட்டார் என்பது சபைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. கொஞ்சம் போடுகிற மனிதர். ஒரு ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் தொட்டிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துபோனார். தண்ணீர் வழிந்து கீழ் மண்டபத்துக்குள் இறங்கிப் பியானோவையும் பாட்டுப் புத்தகங்களையும் தரையையும் நாசமாக்கிவிட்டது. அவர் தள்ளாடித் தள்ளாடிக் குழாயைத் தேடுவதுபோல நான் நடித்துக் காட்டுவேன். ஞாயிறு பள்ளியில் அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

தமிழ் ஆராதனைக்குப் பத்து வயதானபோது இரண்டு சபையும் சேர்ந்து நன்றி ஆராதனை வைத்தார்கள். போதகர் ஆங்கிலேயர், நல்ல மனிதர். அப்பாவைப் 'பயனியர்' என்றுதான் அறிமுகப்படுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பயனியர்கள் என்றால் துணிக்கூடாரம் போட்ட வண்டியில் சமவெளிகளைக் கடந்து போய், ஆளில்லாத நிலத்தில் வீடு கட்டினவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அந்த நிலத்தில் முன்பே ஆட்கள் இருந்தார்கள் என்பதை எங்கள் புத்தகம் சொல்லவில்லை. அப்பா பெரிய தொப்பியோடு வண்டி ஓட்டுவதாக நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அப்பா தன் சாட்சியைத் தமிழில் சொல்ல வேண்டும், மகள் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பது போதகரின் ஏற்பாடு. அப்பாவுக்கு ஆங்கிலம் விளங்காது என்றில்லை. பேச்சுத்தான் தடக்கும், கேட்டால் ஒரு சொல் தப்பாது. எனக்குப் பதினொரு வயது. டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் ஊர்ச் சனத்துக்கெல்லாம் மொழிபெயர்த்துப் பழகியவள். அப்பா எழுதித் தந்த கடதாசியை ஒரு கிழமை முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். மழை, துவாய், தேநீர், கர்த்தரின் கிருபை. எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடக்கம்.

அந்த ஞாயிறு வெள்ளைக்காரர்கள் இடப்பக்கமும் நம்மவர்கள் வலப்பக்கமுமாக, யாரும் சொல்லாமலே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மழையைச் சொன்னார், நான் மழையைச் சொன்னேன். துவாய் வந்தது, தேநீர் வந்தது. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். பிறகு அப்பா கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். என் பக்கம் குனிந்தார்.

"இனிச் சொல்லுறது கடதாசியிலை இல்லை. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு பிள்ளை."

நிமிர்ந்து, தமிழ்ப் பக்கத்தைப் பார்க்காமல் கடைசி வாங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்டைக்குத் தண்ணியைத் திறந்துபோட்டுப் போனது ஆர்தர் அண்ணையில்லை. நான். என்னைப் பாக்கச் சொல்லிப்போட்டுத்தான் அவர் போனவர். கொழும்பிலை தம்பி உயிரோடை இருக்கிறானோ எண்டு கேக்க நான் ரெலிபோன் பெட்டிக்குப் போனன். ரெண்டு மணித்தியாலம் லைன் கிடைக்கேல்லை. திரும்பி வரேக்கை கீழ் மண்டபம் முழுக்கத் தண்ணி."

நிறுத்தினார். நான் வாய் திறக்கவில்லை. அவர் எனக்காகக் காத்திருக்காமல் தொடர்ந்தார்.

"மூப்பர்மார் கேக்கேக்கை, நான் போகேக்கை ஆர்தர் இஞ்சை நிண்டவர் எண்டு சொன்னன். அது பொய். விசாவுக்குச் சபைக் கடிதம் வேணும், கைப்பிள்ளை இருக்கு, பயந்துபோனன். குடிக்கிற மனிசன் எண்டபடியாலை எல்லாரும் நம்பினவை. அவரும் நம்பினவர். அவரின்ரை வேலையும் வீடும் என்னாலை போனது."

அந்தக் கைப்பிள்ளை நான்தான். கொழும்புத் தம்பி என்பது என் சித்தப்பா. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறை வந்து உயிர் தப்பி, பிறகு எங்கள் முன் அறையில் இரண்டு வருடம் படுத்தெழும்பியவர்.

வலப்பக்கத்தில் சித்தப்பா சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்திருந்தார். இடப்பக்கத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்துக் காத்திருந்தார்கள். அப்பாவின் கண் கலங்கியிருப்பதைக் கண்டு ஒரு கிழவி கைக்குட்டையை எடுத்திருந்தார். 'ஆர்தர்' என்ற பெயர் மட்டும் அவர்களுக்கு விளங்கியிருந்தது. அதனால் சிலர் திரும்பிக் கடைசி வாங்கையும் பார்த்தார்கள். ஆர்தர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

என் மனதில் முதலில் வந்தது அப்பா அல்ல, ஆர்தரும் அல்ல. என் அறை. அடுத்தது, நாளைக்கு வகுப்பில் என்ன சொல்வார்கள் என்பது. இந்த ஒழுங்கை நான் மாற்றிச் சொல்லலாம், மாற்றினால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

நல்ல தெளிவான ஆங்கிலத்தில் சொன்னேன். தொட்டிக்குத் தண்ணீர் நிரப்ப அப்பாவுக்குப் பழக்கியது ஆர்தர். தம்பி உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் அப்பா தவித்தபோது பக்கத்தில் நின்றது ஆர்தர். அப்பாவுக்கு இன்று வேலையும் வீடும் இருக்கிறதென்றால் அது ஆர்தரால்தான். ஒவ்வொரு வசனத்திலும் அப்பா சொன்ன சொற்களையே எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். தண்ணீர் இருந்தது, தம்பி இருந்தார், வேலையும் வீடும் இருந்தன. அவ்வளவு வேகமாக அது எனக்கு எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வேறு எதிலும் எனக்கு அப்படிக் கெட்டித்தனம் இருந்ததில்லை.

இடப்பக்கம் கைதட்டியது. எங்கள் சபையில் கைதட்டும் வழக்கமே இல்லை. போதகர் ஆர்தரை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் எழுந்தார், அழுதார், முன்னால் நடந்து வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். வலப்பக்கத்தில் ஒருவர் தொடங்க, நம்மவர்களும் மெதுவாகக் கைதட்டினார்கள். உண்மையைக் கேட்ட அறுபது பேர், பொய்க்குக் கைதட்டினார்கள்.

அப்பா ஆர்தரின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கோபமில்லை. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், "ஆர்தர், ஐ..." என்பது வரைக்கும் எனக்குக் கேட்டது. அதற்குள் ஓர்கன் தொடங்கிவிட்டது. பாட்டு முடிந்த பிறகும் அவர் பேசியிருக்கலாம். பேசவில்லை, போய் உட்கார்ந்தார். என்னை அத்தனை பேருக்கு முன்னால் பொய்க்காரியாக்க மனமில்லாமல் விட்டார் என்று பல வருடம் நம்பியிருந்தேன். அவருக்கும் அந்த நேரம் மூச்சு வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டில் எது உண்மை என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததே இல்லை.

ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. குசினியில் ஒரு மாமி என் கன்னத்தைக் கிள்ளினார்.

"கெட்டிக்காரி. அந்தாள் விசரிலை என்னவோ உளற, பிள்ளை சமாளிச்சுப்போட்டுது."

அம்மா என் தட்டில் ரோல்ஸ் இரண்டு கூடுதலாக வைத்தார். அவற்றை நான் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆர்தரும் வந்திருந்தார். பத்து வருடத்தில் அவர் அந்த வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மேலே ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டார். அப்பா தலையசைத்து, "பிள்ளை, கூட்டிக்கொண்டு போய்க் காட்டு," என்றார். தான் வரவில்லை. படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டார்.

என் அறைக்குள் வந்து ஆர்தர் சுற்றிப் பார்த்தார். இது தான் படுத்த அறை என்றார். நேரே யன்னலடிக்குப் போய், அது இப்போதும் முரண்டு பிடிக்கிறதா என்று கேட்டார். ஒரு கையால் சட்டத்தை மேலே தூக்கி, மற்றக் கையால் இடப்பக்கம் ஒரு இடி கொடுத்தார். யன்னல் திறந்துகொண்டது. வெளிக்காற்று என் அறைக்குள் வந்தது. என்னையும் ஒருமுறை செய்யச் சொன்னார், செய்தேன், எனக்கும் திறந்தது.

பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். தான் அன்றைக்குத் தண்ணீரைத் திறந்ததே தனக்கு ஞாபகத்தில் இல்லையாம். எவ்வளவு யோசித்தும் வரவில்லையாம். அந்த நாட்களில் கொஞ்சம் குடிப்பேன், அதனால் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்றார். அந்த வெட்கத்தில் அதன் பிறகு ஒரு சொட்டும் தொடவில்லையாம். உன் அப்பா இன்று என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட பிறகு மனம் ஆறிவிட்டது, வீடு நல்ல மனிதருக்குத்தான் போயிருக்கிறது என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை. ஆங்கிலம் என் கையில் இருந்தது. மூன்று வசனம் போதும். யன்னலைத் திறந்து தந்ததற்கு நான் அவருக்கு நன்றி சொன்னேன்.

அந்த மாரிக்குள் ஆர்தர் இறந்துபோனார். அவருடைய பெட்டியைத் தூக்கிய நால்வரில் அப்பாவும் ஒருவர். அடுத்த வசந்தத்தில் அப்பா சபைச் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தார், நாங்கள் கிங்ஸ்பரியில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைக்குப் போனோம். முழங்கால் நோவால் வேலையை விட்டதாக எல்லோருக்கும் சொன்னோம். நானும் அதைத்தான் நம்பினேன். 'பயனியர்' என்று யாராவது சொன்னால் அப்பா எழுந்து போய்விடுவார். அது பணிவு என்றும் நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கீழே இறங்கி வந்தபோது அப்பா அதே இடத்தில்தான் நின்றார். ஆர்தர் அவருடைய கையைக் குலுக்கிவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போனார். அப்பா அவர் போவதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்ன கதைச்சனீங்கள்?"

"யன்னல் திறக்கக் காட்டித் தந்தவர்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

"நீ ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை அப்பா," என்றேன். அவர் பயப்பட வேண்டாம் என்று அவசரமாக இன்னொரு தடவையும் சொன்னேன். "ஒண்டுமே சொல்லேல்லை."

"ஓம்," என்று சொல்லி அப்பா படியில் உட்கார்ந்தார். அவருக்கு ஆறுதலாகப் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு நான் யன்னலை மறுபடி திறந்து பார்க்க மேலே ஓடினேன்.