பேசாதவரிடம் வாயை மூடச் சொன்னால்

என் வீட்டுக்காரர் பேசவும் மாட்டார், வாயை மூடவும் மாட்டார். கேட்பவர்களுக்கு விடுகதை போல இருக்கும். அவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க அவர் பேசுகிற பேச்சை உள்ளங்கையில் அடக்கிவிடலாம். ஆனால் அவருடைய மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டி நான் பார்த்ததே கிடையாது. எப்போதும் ஏதோ சொல்ல வருவதுபோல வாய் பாதி திறந்தே இருக்கும். கல்யாணமான புதிதில், இதோ சொல்லப் போகிறார், அதோ சொல்லப் போகிறார் என்று அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் வராது. மூச்சு மட்டும் வரும், போகும்.

சின்ன வயதில் கதவில் மோதியதில் மூக்குத் தண்டு உள்ளே வளைந்துவிட்டதாம். வெளியே பார்த்தால் நல்ல எடுப்பான மூக்குதான். உள்ளே ஒரு பக்கம் முழு அடைப்பு, மறுபக்கம் முக்கால் அடைப்பு. எப்படியோ மூச்சு வருகிறதே, போதாதா என்று பெற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவரும் வாயாலேயே மூச்சு விட்டு வளர்ந்து, வாயாலேயே ஊதிப் பிழைக்கிற தொழிலுக்கும் வந்துசேர்ந்தார். பேண்டு வாத்தியக் குழுவில் அவர் முதல் ட்ரம்பெட். கடை திறப்பு, பள்ளிக்கூட விளையாட்டு விழா, ஊர்வலம், எதுவானாலும் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். பாட்டை எடுத்துக் கொடுப்பதே முதல் ட்ரம்பெட்தான். மற்றவர்கள் எல்லாரும் அதன் பின்னால் போகிறவர்கள்.

நான் எங்கள் வீட்டு முன்னறையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். அந்தச் சிவப்புக் கோட்டுகளுக்கெல்லாம் மடிப்புப் போடுவது நான்தான். கையும் சூடு, வாயும் சூடு. எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டியதை நான் ஒருத்தியே பேசி முடித்துவிடுவேன். சண்டை வந்தால் அவர் பதில் சொல்லாமல் பின்னறைக்குப் போய் ட்ரம்பெட்டை எடுப்பார். ஊதுகிற மெட்டை வைத்தே, மனிதர் சமாதானம் பேசுகிறாரா, எதிர்த்துப் பேசுகிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். சில நாள், "என்னையே எதிர்த்து ஊதுறீங்களா?" என்று இங்கிருந்தே கத்துவேன்.

ஒருமுறை கோட்டுப் பையில் இருந்த கைக்குட்டையைத் துவைக்க எடுத்தபோது அதில் ரத்தப் புள்ளிகள். கேட்டதற்கு, "ஈறு" என்றார். ஒரே சொல். வாயைக் காட்டச் சொன்னேன். அதில்தான் சிரமமே இல்லையே, திறந்துதானே இருக்கிறது! மேல் முன்பற்களுக்கு மேலே ஈறு மட்டும் தக்காளித் தோல் மாதிரி சிவந்து, வீங்கி, பளபளவென்று இருந்தது. கீழ் ஈறு நன்றாகத்தான் இருந்தது. வாயிலிருந்து வாடையும் அடித்தது.

குழுவில் ஆளாளுக்கு ஒரு வைத்தியர். ட்ரம்பெட்டின் ஊதுகிற முனை, அவர்கள் மவுத்பீஸ் என்பார்கள், அந்தப் பித்தளைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேண்டு மாஸ்டர் அடித்துச் சொன்னார். வெள்ளி முலாம் பூசிய மவுத்பீஸ் ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். பித்தளையில் பட்ட ரத்தம் வெள்ளியிலும் பட்டது. பெரிய டிரம் அடிப்பவருக்கு இவரைச் சீண்டாவிட்டால் தூக்கம் வராது. "யோவ், வாய பொளந்துக்கிட்டு நிக்காத, ஈ பூந்துடும். அந்த ஈதான் கடிச்சிருக்கும்" என்றார். நானோ, ஒழுங்காகப் பல் தேய்க்காததுதான் காரணம் என்று முடிவுகட்டி, காலை மாலை இரண்டு வேளையும் பக்கத்தில் நின்று தேய்க்க வைத்தேன். அவர் அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் புது பிரஷ் பறட்டைத் தலையாகிப் போனது, ரத்தம் நின்றபாடில்லை.

கடைசியில் பல் டாக்டரிடம் போனோம். அவள் சின்னப் பெண். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன், அவர் தலையை ஆட்டினார். விளக்கைத் தாழ்த்தி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை நிமிர்த்தினாள். அவர் வாய் வழக்கம்போலத் திறந்தே இருந்தது. அதையே கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சார், முதல்ல நீங்க வாய மூடணும். நீங்க வாய மூடாம நான் என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்ல."

சொல்லிவிட்டுக் கை கழுவத் திரும்பினாள். அவ்வளவுதான். இவர் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன். தெருவுக்கு வந்ததும், அந்த மனிதர் வாழ்நாளிலேயே அதிக நீளமாகப் பேசினார்.

"நான் ஒரு வார்த்தை பேசினேனா? நீயே சொல்லு. ஸ்கூல்ல வாத்தியார் வாய மூடுடா மடையான்னு பெஞ்சு மேல ஏத்தினாரு. கல்யாணத்துல போட்டோக்காரன் எல்லார் முன்னாடியும் சொன்னான். இப்ப வைத்தியத்துக்கு வந்த இடத்துலயும் நான் இதக் கேக்கணுமா?"

கண் கலங்கியிருந்தது. பேசிப் பேசி உயிரை வாங்குகிற என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. வாயில்லாப் பூச்சியைப் பார்த்தா சொல்வது? திரும்பப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்று கிளம்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. இனிமே அந்தப் பக்கமே போக வேணாம்" என்றார். போகவும் இல்லை.

ஒரு வருஷம் ஓடியது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், கிராம்பு எண்ணெய் தடவினார். ஈறு மெல்ல மெல்ல மேலே ஏறியது. முன்பற்கள் நீண்டுகொண்டே வருவதுபோலத் தெரிந்தன. இடதுபக்க முன்பல் நாக்கால் தொட்டாலே ஆடியது. ட்ரம்பெட்காரருக்கு முன்பல் என்பது கட்டடத்துக்கு அஸ்திவாரம். மவுத்பீஸ் உதட்டை அழுத்தும், உதடு பல்லில் சாயும், அந்தப் பல் அசையாமல் நின்றால்தான் உச்சத்தில் சுரம் நிற்கும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லே இல்லாத மனிதருக்குப் பல் போனால் என்ன போகும்? ட்ரம்பெட் போகும். எங்கள் வீட்டில் அதுதான் அவருடைய சொல்.

ஒரு துணிக்கடைத் திறப்பு விழாவில் அது நடந்தே விட்டது. உச்சத்துக்குப் போன சுரம் நடுவில் கிழிந்து புஸ்ஸென்று காற்றாக வந்ததாம். கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். மறுநாள் பேண்டு மாஸ்டர் கோட்டு வாங்க வந்தவர், வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"அவரு கொஞ்ச நாள் ஜால்ரா பக்கம் நிக்கட்டும்மா. தப்பா எடுத்துக்காத. எனக்கும் வேற வழி தெரியல" என்றார்.

ஜால்ரா! இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் ஜால்ரா போடாத மனிதர் கையில் ஜால்ராவைக் கொடுப்பதாம். "உங்களுக்கு வேணும்னா யாரையாவது போடச் சொல்லுங்க" என்று சீறினேன். மாஸ்டர் கோபப்படவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவரை எதிர்த்து என்ன பேச? அவர் சொன்னது நிஜம்.

இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். ட்ரம்பெட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றினார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ஒரு மெட்டு இல்லை. நான் வேண்டுமென்றே சண்டை இழுத்துப் பார்த்தேன். மனிதர் பின்னறைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் பேசாதது எனக்குப் பழக்கம். அவர் ஊதாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கடையைச் சாத்திவிட்டு நேரே அந்தப் பல் டாக்டரிடம் போனேன். சண்டை போடத்தான் போனேன், அதிலென்ன மறைக்க? உன் ஒரு வார்த்தையால் ஒரு மனிதர் வைத்தியத்தையே விட்டுவிட்டார், இப்போது பல்லும் ஆடுகிறது, தொழிலும் போகிறது என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவள் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "ஐயோ அக்கா" என்றாள்.

"நான் பேச்ச சொல்லலக்கா. மூச்ச சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"அவரு வாயாலயே மூச்சு விடுறாரு. காத்து போய்ப் போய் வந்து மேல் ஈறு காஞ்சு போகுது. எச்சில்தான் ஈறுக்குக் காவல். அது எந்நேரமும் ஈறக் கழுவிக்கிட்டே இருக்கணும். காஞ்ச எடத்துல அழுக்கு ஒட்டும், கிருமி சேரும், ஈறு வீங்கும். கீழ நாக்கும் எச்சிலும் இருக்கு, அதான் கீழ ஒண்ணும் ஆகல. பிரஷ் போட்டுத் தேச்சா மட்டும் தீராதுக்கா. மூக்கத் தொறந்தாத்தான் வாய மூட முடியும். அதச் சொல்லிட்டு மூக்கு டாக்டருக்குச் சீட்டு எழுதலாம்னு திரும்பினேன். பாத்தா நாற்காலி காலி."

தண்ணீர் தெளிக்காமல் காயவிட்ட சட்டையை நான் எத்தனை தேய்த்திருப்பேன், எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகாது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோம். மூக்கும் பல்லுக்குறுதி என்று ஒருத்தராவது சொல்லிக் கொடுத்தார்களா? அந்தப் பெண்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்து, "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நான் அவருகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு பேச்ச சொல்லலீங்க. மூச்ச சொல்லியிருக்கு." அவர் ஆடுகிற பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்ப ஸ்கூல்ல வாத்தியாரு சொன்னது?"

"அவரு திட்டத்தாங்க திட்டினாரு" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அழுகையும் கலந்த சிரிப்புதான்.

மூக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறும்வரை ட்ரம்பெட்டைத் தொடக் கூடாது என்றார்கள். அதற்குள் பல் டாக்டர் அவருடைய ஈறுக்கடியில் படிந்திருந்த காரையைப் பல தடவை வரவழைத்துச் சுரண்டி எடுத்து, ஆடுகிற பற்களை உள்பக்கம் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டினாள். மூக்கு திறந்துவிட்டாலும் வாய்க்குப் பழக்கம் விடவில்லை. அந்தப் பழைய வசவு வேண்டாமென்று, வாய் திறக்கிறபோதெல்லாம் நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டுவேன். இவர் ஜால்ராவோடு நிற்கும்போது பெரிய டிரம்காரர் "யோவ், மூக்கு!" என்று குரல் கொடுப்பார். ஒருநாள் என் இஸ்திரிக் கடைக்குள் வந்த இவர் சட்டென்று நின்று, "இந்த இடத்துல இப்படி ஒரு வாசனை இருக்கா?" என்றார். சூடான துணியில் தண்ணீர் பட்ட வாசனை. எத்தனை வருஷமாக அந்த வாசனைக்குள் நடந்துபோயிருக்கிறார்!

ஈறு வெளுத்து இறுகியது. ஆடிய நான்கு பற்களில் மூன்று நின்றன. இடதுபக்கப் பல்லுக்கு மட்டும் பிடிப்பே மிச்சமில்லை. அதைக் காப்பாற்ற முடியாதென்று டாக்டர் சொன்னபோது அவளுக்கே குரல் இறங்கிவிட்டது. எடுத்துவிட்டுப் பக்கத்துப் பற்களைப் பிடித்து ஒரு செயற்கைப் பல் பொருத்தினாள். பார்க்க வித்தியாசமே தெரியாது. ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் நின்றிருக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஊதலாம் என்று டாக்டர் அனுமதித்த பிறகு, மாஸ்டர் முன்னால் ஊதிக் காட்டினார். கோட்டுகளைக் கொடுக்கப் போன நானும் அந்த ஒத்திகை அறையில் இருந்தேன். உதடு மூடி, மூக்கால் நிதானமாக மூச்சிழுத்து ஆரம்பித்தார். கீழ்ச் சுரங்கள் முன்பைவிட நிறைவாக வந்தன. மேலே போனார். உச்சம் கிழியவில்லை, ஆனால் வரவும் இல்லை. மறுபடி முயன்றார், வரவில்லை. ட்ரம்பெட்டை மடியில் வைத்துவிட்டு அவராகவே சொன்னார்:

"மேல போகாது மாஸ்டர். எனக்கு ரெண்டாவது குடுங்க."

இரண்டாவது ட்ரம்பெட் என்றால் பாட்டுக்கு அடியில் போகிறது. முதல் ட்ரம்பெட்டை யாரும் கவனிக்காமல் தாங்கிப் பிடிக்கிற வேலை.

"ரெண்டாவது ஊதுறவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியாதேப்பா" என்றார் மாஸ்டர், மனசு கேட்காமல்.

"இப்ப மட்டும் என் பேரு யாருக்குத் தெரியும்?" என்றார் இவர். பெரிய டிரம்காரர் வாய் பிளந்துவிட்டார்.

போன மாதம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அணிவகுப்புக்கு வாசித்தார்கள். மைதானச் சுவரோரம் நின்று கேட்டேன். முன்வரிசையில் வேறொருவர் பாட்டை எடுத்தார். நன்றாகவே ஊதினார், குறை சொல்லக் கூடாது. கூட்டம் அவருக்குத்தான் கை தட்டியது. அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடங்களில் பாட்டு அறுந்துவிடாமல் கீழேயிருந்து ஒரு குரல் அதை ஏந்திக்கொண்டு போனது. அது சண்டைக்கான மெட்டும் இல்லை, சமாதானத்துக்கான மெட்டும் இல்லை. இவர் என்னிடம் இதுவரை பேசாத ஏதோ ஒன்று. என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா அழுவுறீங்க? பேண்டுல உங்க வீட்டு ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"ரெண்டாவது ட்ரம்பெட்டு ஊதுறாரு."

"ரெண்டாவதா? எனக்கு ஒண்ணுதானே கேக்குது?"

"கொஞ்சம் பேசாம நின்னு கேளுங்க" என்றேன்.

அவள் பேச்சை நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன்.