தலை தூக்கிய மலைப்பாம்பு

சாமி காரியத்தைக் குறை சொல்வதாகிவிடுமோ என்று பல வருசமாக இதை எழுதத் தயங்கினேன்.

திருத்தங்கலில் எங்கள் மாடியில் குடியிருந்த ஒல்லியான அச்சாபீஸ்காரர், வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்றை வளர்த்தார். வேலைக்குப் போகும்போது கண்ணாடிப் பெட்டியோடு எங்கள் வீட்டில் விட்டுப்போவார். திரும்பி வந்ததும் பாம்பைக் காதோரம் வைத்து அதன் மூச்சைக் கேட்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அது வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கியபடி அசையாமல் கிடந்தது. சாமி கும்பிடுகிறது என்று தெருவே கூடி சாம்பிராணி போட்டோம்.

அவர் வந்து காதில் வைத்தார். கீச்கீச்சென்று மூச்சு இழுத்தது.

"என்னக்கா செஞ்சுட்டு இருக்கீக? நல்லா இருந்தா சுருண்டு படுத்து நாக்க நீட்டும். இது மூச்சுக்குத் தவிக்குது!"

"சாமின்னு நெனச்சோம், தம்பி."

"சாமிக்கும் மூச்சு வேணும்லக்கா."

கால்நடை டாக்டர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். மறுநாளும் அச்சாபீஸ்காரர் பெட்டியை எங்களிடமே விட்டுப்போனார். அந்த மனசு எனக்கு இன்றும் பிடிபடவில்லை. இதை யாரிடம் சொன்னாலும், அற்புதம் எதையும் சேர்க்காமல் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.