பம்புக்குக் கட்டிய வீடு

ரங்கூனில் நான் குடியிருக்கும் கட்டடத்தில், தண்ணீர்ப் பம்புக்கு என்னைவிட நல்ல வீடு இருக்கிறது. என் அறை மூன்று இடத்தில் ஒழுகும். பம்பின் வீடு ஒழுகாது. இரட்டைத் தகரச் சுவர், சுவருக்கு நடுவில் உமி, சரிவான மூடி, பித்தளைப் பூட்டு. பக்கத்துக் கொடியில் எந்நேரமும் ஏழெட்டு லோஞ்சிகள் காய்ந்துகொண்டிருக்கும். கைலியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வைகாசியில் பிடித்த மழை ஐப்பசி வரை விடாத ஊரில் துணி காய்வது சின்ன விஷயமில்லை. அந்த வீட்டைக் கட்டியவன் நான். அதில் பெருமைப்பட அதிகமில்லை என்பதைத்தான் எழுத வந்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் மிஷன் பள்ளியில் படித்துவிட்டு, பம்பு ஃபிட்டராக இங்கே வந்தவன் நான். நிலத்தடித் தொட்டியிலிருந்து நாலாவது மாடிக்கு மேலே தண்ணீர் ஏற்றுவது என் வேலை. பம்பு முற்றத்துச் சுவரோரம், முதல் மாடி பால்கனிக்குக் கீழே திறந்தவெளியில் கிடந்தது. நேராகப் பெய்யும் மழை அதைத் தொடாது. ஆனால் காற்று எழுந்தால் இந்த ஊர் மழை பக்கவாட்டில் நடந்து வரும். போன வருஷம் மோட்டார் நனைந்து, அதை உலர்த்தி எழுப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது. ராணுவ ஆட்சி வந்து, வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோன காலம் இது. மோட்டார் போனால் வேறு கிடைக்காது. மோட்டார் இல்லையென்றால் கட்டடத்துக்குத் தண்ணீர் இல்லை, எனக்கு வேலை இல்லை, வேலை இல்லாத அந்நியனுக்கு வருஷாவருஷம் புதுப்பிக்கிற தங்கும் அனுமதியும் இல்லை. மூன்றும் ஒரே அச்சில் சுற்றின.

பம்போடு வந்த பழைய ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. சுற்றிலும் பனி, நடுவில் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் பம்பு. குழாய்த் தண்ணீர் உறைந்துபோகாமல் இருக்கச் சுவருக்குள் பஞ்சு மாதிரி எதையாவது அடைக்கச் சொல்லியிருந்தது. பனியை நான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். இருந்தாலும், குளிரைத் தடுக்கிற சுவர் மழையையும் வெயிலையும் மட்டும் விட்டுவிடுமா என்று யோசித்தேன். அச்சில் இருப்பதை மதிக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி நிமிர்த்தினேன். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்கிற ஊரின் அரிசி ஆலையிலிருந்து இரண்டு மூட்டை உமி கொண்டுவந்து அடைத்தேன். தகரம் தீர்ந்துவிட்டதால் மூடிக்கு மட்டும் ஒற்றைத் தகரம். எறும்பு நுழைய இடமில்லாமல் முடித்தேன்.

பம்பிலிருந்து நாலு அடியில் டோ மியாவின் ஜன்னல். காலையில் மொஹிங்கா விற்கிற அம்மாள். அரிசிச் சேமியாவை மீன் குழம்பில் போட்டுத் தருவார். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, பெட்டி மிக அழகு, மூடியில் விரித்தால் மத்தியானத்துக்குள் லோஞ்சி காய்ந்துவிடுகிறது என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலைந்து நாள் கழித்து ஒரு கிண்ணம் மொஹிங்காவோடு வந்தார். பெட்டி இன்னும் அருமை, இப்போது கருவாடுகூடக் காய்கிறது என்றார். மூன்றாவது முறை வந்தபோது, கோ என்று அண்ணன் முறை வைத்து, சிரித்துக்கொண்டே கேட்டார்:

"உள்ள இருக்கறதுக்கு வேர்க்காதா, கோ தாமஸ்?"

"இரும்புக்கு ஏதும்மா வேர்வை?" என்றேன், எனக்குத் தெரிந்த பர்மியப் பாஷையில். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இந்தப் புகழ்ச்சியைத் தெருமுனைக் கடையில் காசிம் பாயிடம் போய் அளந்தேன். அவருடைய குடும்பம் நாகூர்ப் பக்கம். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"மூணு தடவையா வந்து சொன்னாங்க? அண்ணே, இந்த ஊருல ஒங்க சாமானப் பத்தி ஒருத்தவங்க மூணு தடவ நல்லதாச் சொன்னா, ஓடிப்போய் அதத் தொறந்து பாருங்க. அந்தம்மா ஆனாடே படுறாங்க."

ஆனாடே என்றால் அடுத்தவர் முகம் வாடும்படி ஒன்றைச் சொல்லக் கூச்சப்படுவது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் நான் பாதித் தெரு தாண்டியிருந்தேன். பூட்டைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல முகத்தில் அனல் அடித்தது. கம்பிச்சுருளின் வார்னிஷ் கருகுகிற நாற்றம். மோட்டார் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பினால் ஜன்னலில் டோ மியா. நாலு நாளாகக் கருகல் வாடை அடித்ததாம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"அவ்வளவு ஆசையாக் கட்டினீங்களே" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்கள் ஊரில் ஒருமுறை எங்கள் அடுப்படியில் புகை கொஞ்சம் கூடியதற்கு, எதிர்வீட்டிலிருந்து மூன்று பேர் கேட்காமலே உள்ளே வந்து, விறகை மாற்றி அடுக்கி, என் அப்பாவையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் இங்கே இருந்திருந்தால் முதல் நாளே என் மானம் போயிருக்கும், மோட்டார் பிழைத்திருக்கும். இதையெல்லாம் டோ மியாவுக்குப் புரியாதபடி தமிழில் சொன்னேன். ஆனால் திட்டு என்பது எந்தப் பாஷையிலும் புரியும். ஜன்னல் மெதுவாகச் சாத்தப்பட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மோட்டார் பிழைத்தது. ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும் தகரத்தை வெட்டிக் காற்றுவழி விட்டேன், மழைச்சாரல் ஏறாமல் மேலே சின்ன முகப்பும் வைத்தேன். சூடு வெளியேறும் வழியை டோ மியாவின் கொடியைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். அவர் அதைப் புகழவில்லை. புகழாததால் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

நம்மவர்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்புகிறார்கள். என் மனைவியும் பிள்ளைகளும் போன வருஷமே போய்விட்டார்கள். போன வாரம் நானும் ஊர் திரும்புவதற்கான விண்ணப்பப் படிவத்தை வாங்கிவந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. படிவத்தைப் பெட்டி மூடியில் விரித்து, மேலே ஸ்பானரை வைத்துவிட்டு மாடித் தொட்டியைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது மறுபக்கமும் காயட்டுமென்று யாரோ அதைத் திருப்பிப் போட்டு, ஸ்பானரைப் பழையபடி வைத்திருந்தார்கள். படிவம் பர்மியத்தில்தான் அச்சாகியிருக்கிறது. டோ மியாவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். காற்றுவழி ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். மறுநாளும் சொன்னார். நேற்று மூன்றாவது முறையாகச் சொன்னார். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒரு குறையும் இல்லை.

படிவம் காய்ந்து மொடமொடவென்று கிடக்கிறது, இன்னும் நிரப்பவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று மனைவி கேட்டிருக்கிறாள். இதுவரை மூன்று கடிதம் பதில் எழுதிவிட்டேன். அவள் பிள்ளைகளை வளர்க்கிற அழகையும் தனியாக வீட்டை நடத்துகிற திறமையையும் மூன்றிலும் புகழ்ந்திருக்கிறேன். அங்கே அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு காசிம் பாய் இல்லை.